பெட்டியில் உறங்கும் கம்பளி



திருவண்ணாமலையில் உரோம ஆடையைப் பற்றி எழுதுவதா என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். சித்திரை, வைகாசித் திங்களில் மலைப்பாறை கொதிக்கும் இவ்வூரில் மெல்லிய பருத்தித் துணியே உடலுக்குச் சுமையாகத் தோன்றுகின்றது. ஆயினும், செங்கம் சாலையில் இரமணாசிரமத்தைச் சூழ்ந்துள்ள தெருக்களில் வாழும் குடும்பங்களுக்கு இது அயலான பொருளன்று. கார்த்திகைத் தீபம் தொடங்கி மாசி மாதம் வரையில் குளிர்நாடுகளிலிருந்து வருவோர் பலர் அங்கு அறை எடுத்துத் தங்குகின்றனர். உறைபனியில் விமானம் ஏறியவர்கள் அணிந்து வந்த கனத்த ஆடைகள் இங்கு வந்தபின் பயன்படுவதில்லை. ஊர் திரும்பும்போது பயணச் சுமையைக் குறைக்க எண்ணி அவற்றுள் சிலவற்றை, வீட்டைத் துப்புரவு செய்தும் சமைத்தும் உதவிய பெண்களுக்கோ, இடம் கொடுத்த வீட்டாருக்கோ அன்பளிப்பாகக் கொடுத்துச் செல்வதும் உண்டு.

இவ்வாறு வந்து சேர்ந்த கம்பளிச் சட்டைகளும், சால்வைகளும், கழுத்துப் பட்டையில் மெத்தென்ற உரோமம் வைத்துத் தைத்த மேலங்கிகளும் பல வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கின்றன. வீடு சந்திக்கச் செல்லுமிடத்து, தாய்மார்கள் அவற்றை எடுத்துக் காட்டி நம்மிடம் கேட்கும் கேள்விகள் மூன்று. இதை எப்படித் துவைப்பது? எங்கே, எப்படி வைப்பது? அந்துருண்டை போட்டு மூடிவிட்டால் போதுமா? முதலிரண்டு கேள்விகளும் துணியைப் பற்றியவை. மூன்றாவது கேள்விக்குள் பச்சிளங்குழந்தையின் உயிரே அடங்கியிருக்கின்றது. அதன்பொருட்டே இம்மாதம் இப்பகுதியை இப்பொருளுக்கென ஒதுக்கினோம்.

உரோமமும் இவ்வூரும்

உரோமத் தோல் நம் நாட்டில் பெரும்பாலும் ஆடையாக அமையவில்லை, இருக்கையாகவே அமைந்தது. தியானத்திற்கு அமர்வோர் தருப்பையும், மான்தோலும், துணியும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அமர வேண்டும் என்று பகவத்கீதையின் ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. இரமண மகரிஷி 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இவ்வூருக்கு வந்தார். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மறையும்வரை இம்மலையை விட்டு நீங்கவில்லை. நாடு முழுவதும் அறிந்த அவருடைய நிழற்படங்கள் சிலவற்றில் அவர் புலித்தோல் விரித்த இருக்கையில் அமர்ந்திருப்பதைக் காணலாம். இருக்கையில் புலித்தோல் இருந்ததேயன்றி, இவ்வூரில் அவர் உடுத்தியது ஒரு கோவணமே. நம் திருமறையிலும் ஸ்நாபக அருளப்பர் ஒட்டக உரோமத்தால் ஆன ஆடை அணிந்திருந்தார் என்று படிக்கின்றோம். செல்வர் வீட்டு மென்துணிக்கு எதிராக நின்ற பாலைவனத்து முரட்டு ஆடை அது.

பழைய குடும்பங்கள் சிலவற்றில் தாத்தா காலத்து மான்தோலோ புலித்தோலோ இன்றும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கக்கூடும். அத்தகைய வீட்டார் தூய்மை செய்யும் முறையைக் கேட்பதற்கு முன் சட்டத்தை அறிந்துகொள்வது நன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலி, சிறுத்தை, வெளிமான் முதலிய விலங்குகளை வேட்டையாடுவதையும், அவற்றின் தோலை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றது. முன்னரே வீட்டில் இருந்த தோலுக்கும் உரிமைச் சான்றிதழ் வேண்டும். அவ்வாறு இருப்பவற்றை 180 நாட்களுக்குள் அறிவிக்குமாறு 2003-ஆம் ஆண்டில் விதிகள் வெளியாயின. மரபுரிமையாக ஒருவருக்கு வந்து சேர்ந்தால் 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத தோல் வீட்டில் இருக்குமாயின், அதை மறைத்து வைப்பதும், எரிப்பதும், பிறர் தலையில் கட்டுவதும் முறையாகா. வனத்துறை அலுவலகத்தை அணுகி வழி கேட்பதே நேர்மை. கிரிவலப் பாதையிலோ வேறெங்கோ ஒருவர் புலித்தோல் என்று ஒன்றை விற்க வந்தால், அது பொய்யாயின் பணம் போயிற்று. மெய்யாயின் குற்றம் வந்து சேர்ந்தது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பழங்காலத்தில் விலங்குத் தோலைப் பூச்சி அரிக்காதவாறு காக்க, ஆர்சனிக் என்னும் பாஷாணத்தைத் தடவும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. அந்த நஞ்சு ஆண்டுகள் பல சென்றாலும் அழியாது. ஆகவே மிகப் பழைய தோலைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கலாகாது. மூக்கையும் வாயையும் மூடாமல் தட்டிப் புழுதி கிளப்பவும் கூடாது.

மெய்யுரோமமா, போலியா?

அன்பளிப்பாக வந்த மேலங்கிக்குத் திரும்புவோம். முதலில் அறிய வேண்டுவது, அதிலுள்ளது விலங்கின் உரோமமா, ஆலையில் செய்த போலியா என்பது. இக்காலத்தில் வருவனவற்றுள் பெரும்பகுதி போலியே. உரோமத்திற்காக விலங்குகளைப் பண்ணையில் வளர்ப்பதை இங்கிலாந்து 2000-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி நிறுத்தியது. மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் உரோமத் தோல்களை இறக்குமதி செய்வதை நம் நாடு 2017-ஆம் ஆண்டு சனவரியில் தடை செய்தது.

கண்டறியும் வழி எளிது. உரோமத்தை விரலால் வகிடு எடுப்பதுபோல் பிரித்து அடியைப் பாருங்கள். அடியில் தோல் தெரிந்தால் மெய்யுரோமம். துணியின் பின்னல் தெரிந்தால் போலி. ஐயம் நீங்கவில்லையெனில், தானாக உதிர்ந்த இரண்டொரு இழைகளை மட்டும் இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். விலங்கின் உரோமமாயின் தலைமயிர் கருகும் நாற்றம் எழும். கருகியதை நசுக்கினால் பொடியாகும். போலியாயின் உருகிச் சிறு மணிபோல் கெட்டியாகும். ஆடையின்மீது நெருப்பைக் காட்டிச் சோதிப்பது பேதைமை.

மெய்யுரோமத்தைத் தூய்மை செய்தல்

மெய்யுரோம ஆடையைத் தண்ணீரில் முக்கவே கூடாது. அதன் அடியில் இருப்பது பதனிட்ட தோல். தோலை வளையச் செய்பவை அதனுள் ஏற்றப்பட்ட எண்ணெயும் பதப்பொருள்களுமே. நீர் அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். காய்ந்தபின் தோல் அட்டைபோல் விறைத்து மடித்த இடத்தில் வெடிக்கும். சலவைப் பெட்டியின் சூடும், நேர் வெயிலும், அடுப்பின் அனலும் இதே தீங்கைச் செய்யும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொட்டுத் துடைக்கும் பழைய வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். வீடு தீப்பற்றுவதற்கு அது ஒன்றே போதும்.

செய்ய வேண்டியது இது. ஆடையை முற்றத்தில் பிடித்து நன்றாக உதறுங்கள். பின் நிழலில் தொங்கவிட்டு, மெல்லிய தூரிகையால் உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே வருடுங்கள். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால், கோதுமைத் தவிட்டை வெறும் வாணலியில் வெதுவெதுப்பாகும்வரை மட்டும் வறுத்து, உரோமத்தின்மீது தூவி விரல் நுனியால் மெல்லத் தேயுங்கள். தவிடு பிசுக்கை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரம் விட்டு, ஒரு துகளும் தங்காதவாறு உதறித் தூரிகையால் நீக்குங்கள். ஐரோப்பிய இல்லத்தரசிகள் பல தலைமுறைகளாகக் கையாண்ட முறை இது. உரோமத் தொழிலாளரும் சுழலும் பீப்பாயில் மரத்தூளை இட்டு இதே வேலையைச் செய்கின்றனர். அரிசித் தவிட்டில் எண்ணெய் மிகுதியாக இருப்பதால் அது இதற்கு ஆகாது.

மழையில் நனைந்துவிட்டால் அஞ்ச வேண்டா. உதறிவிட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் அகன்ற தோள் உள்ள கொக்கியில் தொங்கவிடுங்கள். தானே உலர்ந்தபின் தூரிகையால் வருடினால் பழைய நிலைக்கு வரும். தோல்வரையில் ஊறிப்போனாலோ, உள்துணி நாற்றமெடுத்தாலோ வீட்டு முறைகள் பயன்படா. தோலாடைகளைத் துப்புரவு செய்வதில் பழகியவரிடமே கொடுக்க வேண்டும். அதற்காகும் செலவு ஆடையின் பயனைவிட மிகுதியாயின், கழுத்துப் பட்டையைத் தையல் பிரித்து அகற்றிவிட்டு, எஞ்சிய அங்கியை அணிவதே அறிவுடைமை.

போலியுரோமமும் கம்பளியும்

போலியுரோமம் நெகிழி இழையே. குளிர்ந்த நீரில் மென்மையான சவர்க்காரத்தைக் கரைத்து, முறுக்காமல் அலசி, நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே சீப்பால் நீவிவிடலாம். சூடு மட்டும் படலாகாது. பட்டால் இழை உருகிச் சுருளும்.

கம்பளி விலங்கின் உரோமம்தான். தோல் நீங்கிய உரோமம். நம் நாட்டு இடையர் தோளில் போட்டுச் செல்லும் கறுப்புக் கம்பளியும், திருச்சிக் கறுப்பு என்னும் ஆட்டினத்தின் முரட்டு உரோமத்தில் நெய்ததும், ஐரோப்பியர் அணியும் மெல்லிய சட்டையும் ஒரே பொருளால் ஆனவை. நம் தலைமயிரும் நகமும் எப்பொருளால் ஆயினவோ, அந்தக் கெரட்டின் என்னும் புரதமே அது. ஆகவே ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்: தலைமயிருக்கு எது கேடோ அது கம்பளிக்கும் கேடு. துவைக்கும் சோடாவும், காரம் மிகுந்த கட்டிச் சவர்க்காரமும், கொதிநீரும், கல்லில் அடித்தலும் கம்பளியைப் பாழாக்கும். கம்பளி இழையின்மேல் மீன் செதிள்போன்ற நுண்செதிள்கள் உள்ளன. சூடும் காரமும் தேய்த்தலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தந்தையின் சட்டை ஒரே துவையலில் மகனுக்கு அளவாகச் சுருங்குவது இதனால்தான்.

நம் பாட்டிமார் பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தினர். அது காரமற்றது, இன்றும் நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கின்றது. பத்துப் பன்னிரண்டு காய்களை விதை நீக்கி இரவில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டி, அந்நீரை வாளித் தண்ணீரில் கலந்து நுரை எழுப்புங்கள். கம்பளியை அதில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். அலசும் நீரும் அதே வெப்பநிலையில் இருக்கட்டும். முறுக்கிப் பிழியாமல் உலர்ந்த துண்டில் வைத்துப் பாய்போல் சுருட்டி அழுத்தினால் நீர் வெளியேறும். கயிற்றில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தால் நீண்டுவிடும். கட்டிலில் துணி விரித்து நிழலில் பரப்பி உலர்த்துங்கள்.

அந்துப்பூச்சியின் வாழ்வு

இனி, இவற்றைக் கெடுக்கும் பகைவனைப் பார்ப்போம். புத்தகத்தையும் கஞ்சியிட்ட துணியையும் அரிக்கும் வெள்ளி நிற இராமபாணப் பூச்சி வேறு. கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி வேறு. பின்னது வைக்கோல் நிறத்தில், அரை அங்குலத்திற்கும் சிறியதாக இருக்கும். விளக்கொளியைச் சுற்றும் பூச்சிகளைப்போல் அன்றி இருட்டையே நாடும். வளர்ந்த அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை; உண்பதற்கேற்ற வாயும் அதற்கில்லை. அது சுமார் 40, 50 முட்டைகளைக் கம்பளி மடிப்பில் இட்டுவிட்டு மடிந்துபோகும். முட்டையிலிருந்து வெளிவரும் புழுவே உரோமத்தைத் தின்கின்றது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரத்திற்குள்ளாகவே முட்டை பொரிந்துவிடும். தோற்றத்தில் மயிரடர்ந்த சிறு வண்டுப்புழு ஒன்றும் இதே அழிவைச் செய்வதுண்டு.

இப்புழுவின் இயல்புகள் இரண்டை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, தூய கம்பளியைவிட வியர்வையும் உணவுக் கறையும் படிந்த கம்பளியையே அது மிகுதியாக நாடும். ஆகவே, ஒரு நாள் அணிந்த சட்டையை அப்படியே மடித்துப் பெட்டியில் வைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். இரண்டாவது, அசைவும் வெளிச்சமும் அதற்கு ஆகா. மாதத்திற்கு ஒருமுறை எடுத்து உதறப்படும் துணியில் அது நிலைத்துக் குடியேறுவதில்லை. அன்றாடம் போர்த்தும் போர்வையில் நாம் துளையைக் காண்பது அரிது. ஐந்தாண்டு காலம் பெட்டியில் பத்திரமாக இருந்த சால்வையே விரித்தவுடன் சல்லடையாகக் காட்சி தரும்.

அந்துருண்டையின் ஆபத்து

அந்துவை விரட்டும் உருண்டையாதலின் அதற்கு அந்துருண்டை என்று பெயர்; பாச்சை உருண்டை என்றும் சொல்வர். அது நாப்தலீன் என்னும் வேதிப்பொருள். திறந்து வைத்தால் திரவமாகாமல் நேரே ஆவியாகிக் கரைந்து போகும். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் மணம் அந்த ஆவியே. மணத்தை நுகர்கின்றோம் என்றால் நஞ்சை உள்ளிழுக்கின்றோம் என்பது பொருள்.

நம்முள் பலருக்குச் சிறிதளவு ஆவியால் உடனே தீங்கு நேர்வதில்லை. ஆனால் சிலருடைய இரத்தச் சிவப்பணுக்களில் ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். தாய் வழியாக வரும் இக்குறை ஆண் குழந்தைகளிடத்தே மிகுதி. தமிழ்நாட்டிலும் இக்குறையுடையோர் உள்ளனர். வெளித்தோற்றத்தில் எந்த அடையாளமும் தெரியாது. அத்தகைய குழந்தை அந்துருண்டையின் ஆவியை இழுத்தால் சிவப்பணுக்கள் ஓரிரு நாட்களில் உடைந்து அழியும். பிறந்த குழந்தையாயின், உடைந்த அணுக்களிலிருந்து வெளிப்படும் மஞ்சள் நிறப்பொருளைக் கல்லீரல் வெளியேற்ற இயலாமல், அது மூளையிற் படிந்து என்றும் நீங்காத ஊனத்தை உண்டாக்கலாம், உயிரையும் கவரலாம்.

இது கற்பனை அச்சமன்று. 1963-ஆம் ஆண்டிலேயே கிரேக்க நாட்டு மருத்துவர்கள், வீட்டில் வைத்திருந்த அந்துருண்டையின் ஆவியால் இரத்தம் சிதைந்த 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதினர். அவர்களுள் 12 குழந்தைகளுக்கு இந்த நொதிக்குறை இருந்தது. அதாவது, குறை இல்லாத குழந்தைகளும் தப்பவில்லை. அவற்றுள் எந்தக் குழந்தையும் உருண்டையை விழுங்கவில்லை.

நம் வீடுகளில் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மார்கழியில் பேறுகாலம். குழந்தைக்குக் குளிரும் என்று பாட்டியார் பரிவோடு பெட்டியைத் திறக்கிறார். ஆண்டுக்கணக்கில் அந்துருண்டையோடு கிடந்த கம்பளி வெளிவருகின்றது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையை அதில் பொதிகின்றனர். எண்ணெய் பூசிய தோல் வழியாக அந்த நஞ்சு இன்னும் எளிதில் உட்புகும் என்று மருத்துவர் கூறுகின்றனர். அன்பின் மிகுதியால் செய்யும் செயலே குழந்தைக்கு எமனாகின்றது. மஞ்சள் காமாலை என்று எண்ணி வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டால் காலம் தவறிவிடும்.

ஆகவே தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் நாம் உறுதியாகச் சொல்ல விரும்புவது இது. கைக்குழந்தை உள்ள வீட்டிலும், பேறுகாலத்தை எதிர்நோக்கும் வீட்டிலும் அந்துருண்டையே வேண்டா. அதனோடு இருந்த துணியை, துவைத்தாலும் வெயிலில் இட்டாலும், குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டா. குழந்தைக்குத் துவைத்த பழைய பருத்திப் புடவையை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றினால் போதிய வெதுவெதுப்புக் கிடைக்கும். தாயின் மார்போடு அணைத்தலைவிடச் சிறந்த கம்பளி உலகில் இல்லை.

குழந்தையின் கண்ணும் உடலும் மஞ்சளாகி, முகம் வெளிறி, பால் குடிக்காமல் சோர்ந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்துருண்டை வீட்டில் இருந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தவழும் குழந்தை மிட்டாய் என்று எண்ணி உருண்டையை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யவும், பாலோ எண்ணெயோ நெய்யோ புகட்டவும் கூடாது. பாலிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பில் அது கரைந்து விரைவில் இரத்தத்தில் சேரும். மீதியுள்ள உருண்டைகளின் பொட்டலத்தோடு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கற்பூரமும் இதற்கு மாற்றாகாது. அதை விழுங்கும் குழந்தைக்கு வலிப்பு வரும்.

நஞ்சின்றிக் காத்தல்

அந்துருண்டை இல்லாமல் எப்படிக் காப்பது? பூச்சியின் இயல்பை அறிந்தோமாதலின் வழியும் தெளிவாகின்றது. வைக்குமுன் துவைத்து, ஈரம் அறவே நீங்க உலர்த்துங்கள். முரட்டுக் கம்பளிகளை நண்பகல் வெயிலில் மொட்டை மாடியில் விரித்து, இருபுறமும் புரட்டிப்போட்டு, மடிப்புகளைத் தூரிகையால் துடைத்தெடுங்கள். வெயிலுக்கு அஞ்சிப் புழுக்கள் உதிரும். நிறம் மங்கும் சால்வைகளுக்கும் மெய்யுரோமத்திற்கும் வெயில் கூடாது. அவற்றுள் பூச்சி இருப்பதாக ஐயமிருப்பின், நெகிழிப் பையில் காற்றுப் புகாதவாறு கட்டி, குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டி உறையும் பகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையைத் திறவாமல் ஒரு நாள் விட்டு, குளிர் முற்றும் தணிந்தபிறகே திறக்க வேண்டும். இல்லையேல் துணியின்மேல் நீர் கோக்கும்.

கம்பளியைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, இடுக்கில்லாமல் மூடும் பெட்டியில் வையுங்கள். மெய்யுரோம ஆடையை நெகிழிப் பையில் அடைத்தால் தோல் புழுங்கிப் பூஞ்சணம் பூக்கும். பருத்தி உறையிட்டு, இருண்ட அலமாரியில், பிற துணிகள் நெருக்காதவாறு தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அவசியம். காய்ந்த வேப்பிலையும், துணியில் முடிந்த வசம்பும் வைப்பது நல்ல வழக்கமே. அவை பூச்சியை ஓரளவு விரட்டும். உள்ளே இருக்கும் முட்டையை அழிக்க மாட்டா. ஆதலால் இலையை நம்பித் துவைக்காமல் வைத்தல் கூடாது.

பெட்டியை ஏன் பூட்டினோம்?

இவ்வளவும் செய்தபின் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. எப்போது அணிவதற்காக இவற்றைக் காக்கின்றோம்? வெளிநாட்டு மேலங்கியை இவ்வூரில் நாம் அணியப் போவதில்லை. விலையுயர்ந்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது, என்றாவது உதவும் என்னும் எண்ணமே பெட்டியைப் பூட்டுகின்றது. பயன்படும் துணியை அந்து அணுகாது என்றும், பூட்டிய துணியையே அது தேடி வரும் என்றும் மேலே கண்டோம். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் மண்ணுலகச் செல்வத்தை அரிக்கும் பொருள்களுள் பூச்சியை முதலில் கூறியது, பாலஸ்தீன நாட்டுக் கம்பளிப் பெட்டிகளை அறிந்தோருக்கு நன்றாகவே விளங்கியிருக்கும். அக்காலத்தில் மேலாடையே ஏழையின் சொத்து; செல்வனின் சேமிப்பும் அதுவே.

மார்கழி இரவில் கிரிவலப் பாதையின் ஓரங்களில் படுத்திருப்போரைப் பாருங்கள். மலையடிவாரத்தின் பின்னிரவுப் பனி, கிழிந்த வேட்டியால் தாங்கக்கூடியதன்று. துறவுக்கோலத்தில் இருக்கும் முதியோர், குடும்பத்தால் கைவிடப்பட்டோர், கடை வாசலில் காவல் இருக்கும் தாத்தாமார், விடியுமுன் பூக்கட்டி விற்க வரும் அம்மாமார் எனப் பலர் அந்தப் பனியில் நடுங்குகின்றனர். அவர்களுள் யார் எந்தச் சமயத்தவர் என்று குளிர் கேட்பதில்லை. நாமும் கேட்க வேண்டியதில்லை.

புனித மார்ட்டினின் திருநாள் நவம்பர் 11-ஆம் நாள். நான்காம் நூற்றாண்டில் படைவீரராக இருந்த அவர், பிரான்சு நாட்டு அமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. நம்மிடம் பெட்டியில் இருப்பதோ முழுப் போர்வை. அதை வெட்டவும் தேவையில்லை.

எனவே, இவ்வாண்டு அத்திருநாளுக்கு முன் வரும் ஒரு சனிக்கிழமையன்று வீட்டார் அனைவரும் கூடிப் பெட்டியைத் திறவுங்கள். அந்துருண்டை இருப்பின் முதலில் அதை எடுத்து, குழந்தைகள் கையில் எட்டாதவாறு மூடிக் கட்டி அகற்றுங்கள். பிறகு துணிகளை மூன்றாகப் பிரியுங்கள். இவ்வாண்டு நாம் போர்த்தப் போவது ஒரு பங்கு. அதைத் துவைத்து வெளியே வையுங்கள். பூச்சி அரித்துப் பயனற்றுப் போனது ஒரு பங்கு. மற்றவற்றிற்குப் பரவாதவாறு அதை நீக்குங்கள். நல்ல நிலையில் இருந்தும் நமக்குத் தேவைப்படாதது மூன்றாம் பங்கு. அதைப் பூந்திக்கொட்டை நீரில் துவைத்து, கிழிசலைத் தைத்து, அந்துருண்டையின் வாடை சிறிதும் இல்லாதவாறு பல நாள் காற்றாட விட்டு, தீபத் திருநாளுக்கு முன்பே பெரியவர்களுக்குக் கொடுங்கள். கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்குக் கொடுப்பதாயின் புதிய பருத்திப் போர்வையாகவே வாங்கிக் கொடுங்கள். அழுக்கோடும் துளையோடும் கொடுப்பது கொடையாகாது. நாம் அணிய நாணுவதை ஏழையும் அணிய நாணுவார்.

பிள்ளைகள் அருகில் இருந்து இதையெல்லாம் பார்க்கட்டும். துவைப்பதிலும் தைப்பதிலும் அவர்களும் கை கொடுக்கட்டும். அந்துருண்டையின் ஆபத்தைப் பேறுகாலப் பெண் உள்ள அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படையுங்கள். அடுத்த மார்கழிக் குளிர் வருமுன் நம் பங்கில் ஒரு வீட்டிலும் தொட்டிலருகே அந்துருண்டை இல்லை என்னும் நிலை வருமாயின், இம்மாதம் இப்பக்கத்தை எழுதியதன் பயனை நாம் பெற்றவர்களாவோம். இறைவன் உங்கள் இல்லங்களையும் அவற்றில் பிறக்கவிருக்கும் குழந்தைகளையும் காப்பாராக.